கொடுத்த பணமும் குடியிருக்கும் வீடும்



எந்தச் சபையின் ஜெபக் குறிப்புப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தாலும் வேலை, திருமணம், சரீர சுகம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக அதில் எழுதப்பட்டிருக்கும் விண்ணப்பம் ஒன்று உண்டு: "நல்ல வாடகை வீடு கிடைக்க வேண்டும்." பெங்களூருக்குப் பிழைப்புத் தேடி வந்த நம்மில் பலர் இந்த விண்ணப்பத்தை ஏதோ ஒரு காலத்தில் எழுதியவர்களே. ஆனால் வீடு கிடைத்த பின்பு, அந்த வீட்டில் நாம் எந்த உரிமையில் குடியிருக்கிறோம், நாம் கொடுத்த பணம் எங்கே இருக்கிறது என்னும் கேள்விகளை நாம் கேட்பதில்லை. வாடகை உயர உயர, இந்தக் கேள்விகளைக் கேட்காமல் இருப்பதன் ஆபத்தும் உயருகிறது. ஆகவே இம்மாதம் இதைக் குறித்துச் சற்று விரிவாகச் சிந்திப்போம்.

வந்தவர்களால் வளர்ந்த நகரம்

தமிழ் மக்கள் பெங்களூருக்கு நேற்று வந்தவர்கள் அல்லர். 1809-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் இங்கே படைத்தளமாகிய கண்டோன்மெண்டை நிறுவியபோது, படையோடும் படைக்கு வேண்டிய தொழில்களோடும் வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து நம் முன்னோர் வந்தார்கள். அல்சூர், சிவாஜிநகர், மர்பி டவுன், ஆஸ்டின் டவுன் போன்ற பகுதிகளில் இன்றும் தமிழ் ஒலிப்பதற்கு அதுவே தொடக்கம். பின்னர் ஆலைகளும், பொதுத்துறை நிறுவனங்களும், அதற்குப்பின் கணினி நிறுவனங்களும் மக்களை அழைத்துக்கொண்டே இருந்தன. பெங்களூரு நகர மாவட்டத்தின் மக்கள்தொகை 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 65 லட்சம். 2011-இல் சுமார் 96 லட்சம். பத்தே ஆண்டுகளில் முப்பது லட்சம் பேர் கூடினார்கள். வீடுகளும் கூடின; ஆனால் கூலிக்காரரின் வருமானத்துக்கு எட்டும் வீடுகள் அந்த அளவுக்குக் கூடவில்லை.

2020-இல் கொரோனா தொற்று பரவியபோது வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று அலுவலர்கள் சொந்த ஊர்களுக்குச் சென்றார்கள், "டூ-லெட்" பலகைகள் தெருவெங்கும் தொங்கின, வாடகையும் தணிந்தது. 2022-இல் நிறுவனங்கள் அவர்களைத் திரும்ப அழைத்தபோது அந்தப் பலகைகள் மறைந்தன. அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் வாடகை ஏறிய வேகத்தை வெளிவட்டச் சாலை, ஒயிட்பீல்டு, எலெக்ட்ரானிக் சிட்டி பக்கங்களில் வசிப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதிகச் சம்பளக்காரர் ஒரு வீட்டை எடுக்கும்போது, அங்கே இருந்த நடுத்தரக் குடும்பம் ஒரு படி இறங்குகிறது. அது சென்ற இடத்திலிருந்து இன்னொரு குடும்பம் மற்றொரு படி இறங்குகிறது. படிக்கட்டின் கடைசிப் படியில் நிற்பவனுக்கு இறங்க இடமில்லை.

அட்வான்ஸ் என்னும் மதில்

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். கணவர் ஒரு நிறுவனத்தில் காவல் பணி, மனைவி இரண்டு வீடுகளில் சமையல். இருவருக்கும் சேர்த்து மாதம் 22,000 ரூபாய் வருமானம் என்று வைத்துக்கொள்வோம். 8,000 ரூபாய் வாடகையில் ஒரு படுக்கையறை வீடு. இந்நகரத்தின் பழைய வழக்கப்படி பத்து மாத வாடகை, அதாவது 80,000 ரூபாய், அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார்கள். ஒருநாள் வீட்டுக்காரர் வந்து, "அடுத்த அக்ரிமெண்டில் பன்னிரண்டாயிரம், முடியாவிட்டால் காலி செய்யுங்கள்" என்கிறார்.

அக்கம்பக்கத்தில் தேடுகிறார்கள். எங்கும் 12,000 ரூபாய்தான். புதிய வீட்டுக்கு அட்வான்ஸ் 1,20,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 12,000. ஆக 1,32,000 ரூபாய் கையில் வேண்டும். பழைய அட்வான்ஸோ வீட்டைக் காலி செய்த பின்புதான் வரும். அதிலும் வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகை பிடித்துக்கொண்டு 72,000 ரூபாயே வரும். மீதி 60,000 ரூபாய்க்கு நகையை அடகு வைக்க வேண்டும், அல்லது சீட்டைத் தள்ளி எடுக்க வேண்டும், அல்லது வட்டிக்கு வாங்க வேண்டும். நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி என்றால் மாதம் 1,200 ரூபாய். வாடகையும் வட்டியும் சேர்ந்து 13,200. வருமானத்தில் பாதிக்கு மேல் கூரைக்கே போய்விடுகிறது. பள்ளிக் கட்டணத்துக்கும் மருந்துக்கும் அரிசிக்கும் மிஞ்சுவது எவ்வளவு?

சட்டம் இதைத் தடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். 1999-ஆம் ஆண்டின் கர்நாடக வாடகைச் சட்டம் 2001-இன் இறுதியில் நடைமுறைக்கு வந்தபோதே, மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட பெங்களூரு வீடுகளைத் தன் வரம்புக்கு வெளியே வைத்துவிட்டது. அந்த வாடகையில் இன்று வீடு எங்கே? மத்திய அரசு 2021-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. ஆனால் மாதிரிச் சட்டம், அதை ஒரு மாநிலம் தன் சட்டமாக இயற்றினால் மட்டுமே அங்கே செல்லும். அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி ஓசூருக்குப் போனால், 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டுச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகையே உச்சம் என்கிறது. எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை செய்துகொண்டு ஓசூரில் குடியிருப்போர் பெருகியதற்கு வாடகைக் குறைவோடு இந்த அட்வான்ஸ் பாரமும் ஒரு காரணம் ஆகும்.

கோலார் தங்கவயலை நினைத்துக்கொள்ளுங்கள். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்ட பின்பு, அங்குள்ள நம் மக்கள் விடியுமுன் மாரிகுப்பம் ரயிலேறி பெங்களூருக்கு வந்து, இரவில் வீடு திரும்பும் வாழ்க்கையை ஏற்றுக்கொண்டார்கள். வேலை இங்கே, கூரை அங்கே. நாளொன்றுக்கு நான்கைந்து மணி நேரத்தை வாடகையாகக் கொடுக்கிறவர்கள் அவர்கள். அந்தக் குடியிருப்புகளும் சுரங்க நிறுவனத்தின் நிலத்தில் நிற்பவை என்பது இன்னொரு துயரம்.

வாடகையில்லா வீட்டின் வசீகரம்

நாம் எண்ணிப் பார்த்த குடும்பத்திடம் இப்போது ஒருவர் வருகிறார். "மாதாமாதம் ஏன் பன்னிரண்டாயிரம் கொடுக்கிறீர்கள்? ஆறு லட்சம் கொடுத்தால் மூன்று வருடம் வாடகையே இல்லாமல் இருக்கலாம். காலி செய்யும்போது ஆறு லட்சமும் அப்படியே திரும்பி வரும்" என்கிறார். இதைத்தான் இந்நகரத்தில் "லீஸ்" என்கிறோம். நம் ஊரில் இதற்குப் போக்கியம் என்று பெயர். ஒத்தி என்றும் சொல்வார்கள்.

கணக்குப் போட்டால் ஆசை உண்டாகிறது. ஆறு லட்சத்தை வங்கியில் ஏழு சதவீத வட்டிக்குப் போட்டால் ஆண்டுக்கு 42,000 ரூபாய் கிடைக்கும். அதே பணத்தைப் போக்கியத்துக்குக் கொடுத்தால் ஆண்டுக்கு 1,44,000 ரூபாய் வாடகை மிச்சம். ஊரிலுள்ள கால் ஏக்கரை விற்று, மகளின் திருமணத்துக்கு வைத்திருந்த நகையைச் சேர்த்து, வருங்கால வைப்பு நிதியையும் எடுத்துப் பணத்தைத் திரட்டுகிறார்கள்.

ஆனால் அதே கணக்கை வீட்டுக்காரர் பக்கத்திலிருந்து போட்டுப் பார்த்தீர்களா? ஆறு லட்சம் ரூபாய்க்காக அவர் ஆண்டுக்கு 1,44,000 ரூபாய் வாடகையை விட்டுக்கொடுக்கிறார். அது நூற்றுக்கு இருபத்துநான்கு வட்டி. வங்கியில் வீட்டுக் கடன் அதில் பாதிக்கும் குறைவான வட்டிக்குக் கிடைக்கும். அப்படியிருக்க அவர் ஏன் உங்களிடம் வாங்குகிறார்? மாதாமாதம் வாடகைக்கு அலைய விரும்பாத நேர்மையான மனிதராக இருக்கலாம்; மேல்மாடி கட்ட அவசரமாகப் பணம் வேண்டியவராக இருக்கலாம். ஆனால் வீட்டுப் பத்திரத்தில் குறை இருப்பதால் வங்கி அவருக்குக் கடன் கொடுக்க மறுத்திருக்கலாம். அல்லது வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானமாகி, கழுத்தளவு கடனில் அவர் நின்றுகொண்டிருக்கலாம். வட்டி அதிகமாகக் கிடைக்கும் இடத்தில் ஆபத்தும் அதிகம் என்பது சீட்டுப் போடும் நம் தாய்மாருக்குத் தெரியும். வீடு என்று வரும்போது மட்டும் அதை மறந்துவிடுகிறோம்.

மூன்று வகையில் இந்தப் பணம் மூழ்குகிறது. முதலாவது, வீட்டுக்காரர் வங்கிக் கடனைக் கட்டத் தவறும்போது. 2002-ஆம் ஆண்டின் சர்பாசி சட்டப்படி, வங்கி வழக்குத் தொடராமலேயே அடமான வீட்டைக் கைப்பற்றி ஏலம் விடலாம். வங்கியின் அறிவிப்பு கதவில் ஒட்டப்படும் நாளில்தான் குடியிருப்பவருக்கு விஷயமே தெரிகிறது. இரண்டாவது, நம்மிடம் வாங்கிய பணத்தை வீட்டுக்காரர் செலவழித்துவிட்டு, "அடுத்த லீஸ்காரர் வந்தால்தான் உங்களுக்குத் தர முடியும்" என்று கைவிரிக்கும்போது. மூன்றாவது, இடைத்தரகர்களால் வருவது. குடியிருப்பவரிடம் முழுப் பணத்தையும் போக்கியமாக வாங்கிக்கொண்டு, வீட்டுக்காரரிடம் "மாத வாடகைக்கு எடுத்தோம்" என்று ஒப்பந்தம் செய்கிற நிறுவனங்கள் இந்நகரத்தில் தோன்றின. சில மாதங்கள் வாடகை போகும், பிறகு நின்றுவிடும். வீட்டுக்காரர் வந்து, "எனக்கு வாடகை வரவில்லை, வெளியேறுங்கள்" என்பார். "நான் ஆறு லட்சம் கொடுத்திருக்கிறேனே" என்று நீங்கள் சொன்னால், "என்னிடமா கொடுத்தீர்கள்?" என்பார். இருவரும் ஏமாந்தவர்களே, ஆனால் தெருவில் நிற்கப் போகிறவர் ஒருவரே.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. தென்கொரியாவில் "ஜொன்சே" என்ற பெயரில் இதே முறை பல தலைமுறைகளாக இருந்து வருகிறது. 2022-இல் அங்கே வட்டி ஏறி வீட்டு விலை சரிந்தபோது, வாடகைதாரருக்குப் பணத்தைத் திருப்பித் தர இயலாத வீட்டுக்காரர்களும், தொடக்கத்திலேயே ஏமாற்றத் திட்டமிட்டவர்களும் அம்பலமானார்கள். 2023-இன் தொடக்க மாதங்களில் இன்சோன் நகரில் சேமிப்பை இழந்த இளைஞர் சிலர் தங்கள் உயிரையே மாய்த்துக்கொண்டார்கள். அவ்வாண்டு மே மாதம் அந்நாட்டு நாடாளுமன்றம் பாதிக்கப்பட்டோருக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. அங்கே 1981-ஆம் ஆண்டிலிருந்தே குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. குடிபுகுந்து, முகவரியைப் பதிவு செய்து, ஒப்பந்தத்தில் தேதி முத்திரை பெற்றவருக்கு, வீடு ஏலம் போனால் அந்தத் தேதியின்படி பணத்தில் வரிசை உண்டு. அப்படிப்பட்ட நாட்டிலேயே இவ்வளவு கண்ணீர் என்றால், இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிப் பெட்டிக்குள் வைத்திருக்கும் நமக்கு என்ன பாதுகாப்பு?

ஈஜிபுரா சொல்லும் பாடம்

காகிதத்தில் பெயர் இல்லாதவருக்கு நேரிடுவதை இந்நகரம் கண்கூடாகக் கண்டிருக்கிறது. கோரமங்களாவை அடுத்த ஈஜிபுராவில் ஏழை மக்களுக்கென 1,512 சிறு வீடுகள் கொண்ட அரசுக் குடியிருப்பு இருந்தது. அங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். அவர்களில் தமிழ் பேசுவோர் அநேகர். துப்புரவுப் பணியாளர்கள், வீட்டு வேலை செய்யும் பெண்கள், கட்டடக் கூலிகள். தரமற்ற கட்டடங்கள் சிதைந்தன. அவை அகற்றப்பட்ட பின்பு மக்கள் அதே மைதானத்தில் தகரக் கொட்டகைகளில் வாழ்ந்தார்கள். அந்த நிலத்தில் தனியார் நிறுவனத்தோடு கூட்டாக வணிக வளாகமும் குடியிருப்பும் எழுப்பத் திட்டம் வகுக்கப்பட்டது. 2013-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், அந்நாளைய பெருநகர மாநகராட்சி இயந்திரங்களைக் கொண்டு அந்தக் கொட்டகைகளைத் தரைமட்டமாக்கியது. ஆயிரக்கணக்கானோர் குளிர்கால இரவில் குழந்தைகளோடு நடைபாதைக்கு வந்தார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புதிய வீடு, முதலில் ஒதுக்கீடு பெற்றவர்களுக்கே என்று சொல்லப்பட்டது. ஆனால் அங்கே குடியிருந்தவர்களில் பலர் ஒதுக்கீடு பெற்றவர்களிடமிருந்து வாடகைக்கோ போக்கியத்துக்கோ, வெறும் காகிதத்தில் விலைக்கோ வாங்கி வந்தவர்கள். பல ஆண்டு வாழ்ந்தும், பிள்ளைகளை அங்கேயே வளர்த்தும், பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. சந்தை வாடகை கொடுக்க முடியாததால் மலிவான கூரையைத் தேடிப் போனார்கள்; அந்தக் கூரை மலிவாக இருந்ததற்குக் காரணமே அதற்கு உறுதி இல்லை என்பதுதான்.

பெல்லந்தூர் அருகே கரியம்மன அக்ரகாரத்தில் 2020 ஜனவரியில் புலம்பெயர்ந்த தொழிலாளரின் கொட்டகைகள் இடிக்கப்பட்டபோதும் இதுவே நடந்தது. அப்போது கர்நாடக உயர் நீதிமன்றம் தலையிட்டது. நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985-இலேயே, பிழைப்புக்கான உரிமை உயிர்வாழும் உரிமையில் அடங்கும், பொதுவாக முன்னறிவிப்பின்றி எவரையும் அகற்றலாகாது என்று கூறியிருக்கிறது. அந்தத் தீர்ப்பு ஏழையின் கையிலுள்ள சிறு கேடயம். ஆனால் இடிக்கப்பட்ட பின்பு நீதிமன்றம் போவதைவிட, இடிக்கப்படாத இடத்தில் குடியிருப்பதே நலம்.

கையெழுத்திடும் முன்

ஆகவே, பிரியமானவர்களே, நீங்கள் போக்கியத்துக்கு வீடு எடுக்க எண்ணினால் சில காரியங்களைத் தவறாமல் செய்யுங்கள்.

முதலாவது, வீட்டின் மூலப்பத்திரத்தை உங்கள் கண்ணால் பாருங்கள். ஜெராக்ஸ் பிரதியை மட்டும் காட்டினால், மூலப்பத்திரம் எங்கே என்று கேளுங்கள். அது வீட்டுக்காரரிடம் இல்லையென்றால், பெரும்பாலும் ஒரு வங்கியிடமோ வட்டிக்காரரிடமோ இருக்கிறது.

இரண்டாவது, பதிவுத்துறையின் காவேரி தளத்தில் வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பாருங்கள். பத்திரத்தை ஒப்படைத்து வாங்கும் வங்கிக் கடன் சில வேளை அதில் வராது. அதற்காகவே 2011 முதல் செர்சாய் என்னும் மத்தியப் பதிவகம் இருக்கிறது. சிறு கட்டணம் செலுத்தி எவரும் அதில் தேடலாம். கணினி தெரிந்த ஒரு வாலிபத் தம்பியின் உதவி போதும்.

மூன்றாவது, ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, நூறு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள போக்கிய அடமானம், இரண்டு சாட்சிகளின் கையொப்பத்தோடு பதிவு செய்யப்பட்டால்தான் செல்லும். பதிவான போக்கியம் அந்த வீட்டின் மேலேயே ஒரு பாரமாக நிற்கும். பின்னால் வீட்டை வாங்குகிறவனையும் அது கட்டும். பதிவு செய்யாத காகிதமோ நீங்கள் பணம் கொடுத்ததற்கு ஒரு ரசீது மட்டுமே. முத்திரைத் தீர்வை அதிகம் என்று வீட்டுக்காரர் தயங்கினால், பாதிச் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அதற்கும் சம்மதிக்காதவரிடம் உங்கள் ஆயுட்காலச் சேமிப்பைக் கொடுக்காதீர்கள்.

நான்காவது, பணத்தை வங்கி வழியாக, பத்திரத்தில் பெயருள்ள உரிமையாளரின் கணக்கிலேயே செலுத்துங்கள். இடையில் நிற்பவரின் கணக்கில் போடாதீர்கள். "என்னிடம் அதிகாரப் பத்திரம் இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால், அதைப் பார்த்த பின்பும் உரிமையாளரை நேரில் சந்தியுங்கள்.

மாத வாடகைக்கு இருப்பவர்களும் அறிய வேண்டியது உண்டு. பதினொரு மாத அக்ரிமெண்ட் போடுவதற்குக் காரணம், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்பதே. எழுத்தில் வேறு ஏற்பாடு இல்லையென்றால், பதினைந்து நாள் அறிவிப்பில் மாதக் குடியிருப்பை முடித்துவிடலாம். ஆகவே, காலி செய்ய இரண்டு மாத அவகாசம், ஆண்டுக்கு இத்தனை சதவீத உயர்வு, அட்வான்ஸைச் சாவி கொடுக்கும் நாளிலேயே திருப்பித் தருவது ஆகிய மூன்றையும் எழுதி வாங்குங்கள். எந்த நிலையிலும், பூட்டை மாற்றியோ சாமான்களை வெளியே எறிந்தோ ஒருவரை வெளியேற்ற வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை. அவ்விதம் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் உரிமையியல் நீதிமன்றத்தை நாடி, குடியிருப்பைத் திரும்பப் பெறலாம் என்று 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டம் சொல்லுகிறது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள் நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் குழுவை அணுகலாம்; பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கும் வருமானம் பாராமல் அங்கே இலவச உதவி உண்டு.

சகோதரரிடம் காகிதம் கேட்பது தவறா?

நம்மிடையே ஒரு தயக்கம் இருக்கிறது. வீடு காட்டியவர் நம் சபையைச் சேர்ந்தவர், வீட்டுக்காரரும் தெரிந்தவர், அவரிடம் பத்திரத்தைக் காட்டு, பதிவு செய்து கொடு என்று கேட்டால் நம்பிக்கையில்லாதவர் என்று எண்ணிவிடுவாரோ என அஞ்சுகிறோம். வெளியாரிடம் பத்துக் கேள்வி கேட்கிறவர் உள்ளாரிடம் ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் சிந்தித்துப் பாருங்கள்: எழுதி வைப்பது நட்பைக் கெடுப்பதில்லை, எழுதாமல் விட்டதே பல நட்புகளைக் கெடுத்திருக்கிறது. வீட்டுக்காரர் நேர்மையானவராகவே இருந்து நாளை காலமாகிவிட்டால், அவருடைய பிள்ளைகளுக்கு உங்கள் வாய்ப்பேச்சு தெரியாது. பதிவான பத்திரம் தெரியும். காகிதம் கேட்பது அவரை நம்பாததால் அல்ல. நம் பிள்ளைகளுக்கு நாம் பொறுப்பாளிகள் என்பதால்.

வீடு வைத்திருக்கும் சகோதரருக்கும் ஒரு வார்த்தை. நீங்களும் ஒரு காலத்தில் தகரப் பெட்டியோடு கண்டோன்மெண்ட் ரயில் நிலையத்தில் இறங்கியவர்தான். பத்து மாத அட்வான்ஸை மூன்று மாதமாகக் குறைத்தால் நீங்கள் இழப்பது சிறிது. வருகிறவன் கடனில் விழாமல் தப்புவது பெரிது. காலி செய்கிறவனுடைய பணத்தை அன்றே கொடுத்துவிடுங்கள். அது உங்கள் பணம் அல்ல. உங்களிடம் வைக்கப்பட்ட அவனுடைய பணம்.

சபைகளும் செய்யத்தக்கது உண்டு. ஊரிலிருந்து புதிதாக வருகிற குடும்பத்துக்கு முதல் அட்வான்ஸுக்காக வட்டியில்லாத ஒரு சிறு நிதி. பத்திரம் பார்த்துச் சொல்லத்தக்க ஒரு வழக்கறிஞரை ஆண்டுக்கு ஒருமுறை அழைத்து, ஞாயிறு மாலையில் ஒரு மணி நேரக் கூட்டம். இவை பெரிய செலவல்ல. ஒரு குடும்பத்தின் ஆறு லட்சம் ரூபாய் மூழ்கிப்போன பின்பு அவர்களுக்காக அழுவதைவிட, மூழ்குமுன் அவர்களோடு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஒரு நாள் நடந்துபோவது மேலான அன்பு அல்லவா?

இந்த இதழை வாசித்து முடித்ததும் உங்கள் பெட்டியைத் திறந்து, அக்ரிமெண்டை எடுத்துப் பாருங்கள். அதில் யாருடைய பெயர் இருக்கிறது? எந்தத் தேதியில் முடிகிறது? பணம் யாருடைய கணக்குக்குப் போயிருக்கிறது? பதிவு முத்திரை இருக்கிறதா? இந்த நான்கு கேள்விகளுக்கும் இன்றிரவே விடை தேடுங்கள். விடை கிடைக்காவிட்டால், நாளைக் காலையில் வீட்டுக்காரரைப் போய்ப் பாருங்கள்.